அறுநூற்று ஒன்றாவது பெயர்

அஞ்சாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எந்த வேலைக்கும் ஆள் பஞ்சம் இல்லை. பந்தல் போட ஆள் கிடைக்கும், தீச்சட்டி தூக்க ஆள் கிடைக்கும், அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கப் பத்துப் பேர் வரிந்து கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். பேர்ப் பட்டியல் எடுக்க மட்டும் ஹேமநாதனை விட்டால் நாதியில்லை.

அவன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன். அப்பா பாலுக்காக ரப்பர் மரம் வெட்டினார், அம்மா அந்தப் பாலைச் சுமந்தாள். பதினேழு வயசில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு செனவாங்கில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தான். திருகு, வளையம், வார் என்று எட்டாயிரம் சாமான்களைக் கணினியில் பதிந்து வைத்து, கேட்ட நேரத்தில் கேட்டதை மட்டும் வடிகட்டி அச்சடித்து நீட்டுவதுதான் வேலை. தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, ஜனங்கள் பெடாஸுக்கும் சிரம்பானுக்கும் பிரிந்து போன காலத்தில் அந்த வித்தையை அவன் கோயிலுக்குக் கொண்டுவந்தான். கறையான் அரித்த பதிவுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்து, ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து எல்லாரையும் உள்ளே ஏற்றினான்.

ஆளுக்கு ஒரு திரை. பெயர், நட்சத்திரம், ராசி, தோட்டத்து வீட்டு வரிசைகளான லயங்களில் எதில் எத்தனையாவது வீடு. எல்லாவற்றுக்கும் அடியில் ‘நிலை’ என்று ஒரு சின்னக் கட்டம். அதைத் தொட்டால் இரண்டே வார்த்தைகள் இறங்கும்: உளர், மறைந்தார். சித்திரைத் திருவிழாவுக்கு ‘உளர்’ என்று வடிகட்டி அச்சடித்தால் அது குடும்ப அர்ச்சனைப் பட்டியல். ஆடி அமாவாசைக்கு ‘மறைந்தார்’ என்று வடிகட்டினால் மோட்ச விளக்குப் பட்டியல். போன வருஷத்துச் சித்திரைக் கணக்கில் முன்னதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர், பின்னதில் நூற்று எண்பத்தெட்டுப் பேர். கூட்டினால் அறுநூறு. ஆனால் வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால் திரையின் அடியில் அறுநூற்று ஒன்று என்று நிற்கும்.

அதுவரை எந்த வருஷம் கூட்டினாலும் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்று புனிதன்.

புனிதனும் ஹேமநாதனும் ஒரே வயசு, பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்பது வயசில் ரப்பர் ஷீட்டு நசுக்கும் உருளையில் விளையாட்டாகக் கை வைக்கப் போய், புனிதனின் இடது கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. விழுந்த நகம் மறுபடி முளைத்தபோது நடுவில் பிளந்து இரண்டாக முளைத்தது. “உங்களுக்கெல்லாம் பத்து, எனக்குப் பதினொன்னு” என்று எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிவான். வளர்ந்த பிறகும் அவன் எந்த வேலையிலும் ஊன்றி நிற்கவில்லை. இருபத்தேழாவது வயசில், ஒரு மாசி மாதத்து மத்தியானம், அவன் அம்மா மயிலம்மாள் லயமே பார்க்க விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். அன்றைக்கே கிளம்பிவிட்டான். பெடாஸ் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டது ஹேமநாதன்தான்.

“தம்பின் டேசனுக்குப் போயி ரயில் ஏறிருவேன். எங்காத்தாகிட்ட வாயத் திறக்காத. வேல கெடச்சதும் நானே போன் அடிக்கிறேன்லா.”

ஹேமநாதன் ஒரு துண்டுச் சீட்டில் தன் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தான். அவ்வளவுதான் கொடுத்தது.

போன் பதினாறு மாதம் கழித்து வந்தது. பேசியது போலீஸ். தெற்கே ஒரு டவுனின் ஆஸ்பத்திரியில், வண்டி அடித்துப்போட்ட ஓர் உடல் கிடக்கிறது. அடையாள அட்டை இல்லை. பையில் இந்த எண் மட்டும் இருக்கிறது. வந்து பார்க்க முடியுமா என்றார்கள். அப்போது ஹேமநாதன் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். பந்தக்கால் நட்ட மாப்பிள்ளை துக்க வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. அவன் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பிணவறைக்குள்ளேயே நின்றான்.

முகம் முகமாக இல்லை. துணியை விலக்கியவர் கையைக் காட்டினார். இடது கை. ஹேமநாதன் நகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, “இல்ல, எனக்குத் தெரிஞ்ச ஆள் இல்ல” என்றான்.

கல்யாணம் முடியட்டும், மறுநாளே வந்து சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். தாலி கட்டி, மறுவீடு போய், விருந்து எல்லாம் அடங்கி ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபோது, உரிமை கோராத உடலை அடக்கம் செய்தாயிற்று என்றார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாத நாள் ஒன்று இரண்டாகி, வருஷமாகி, சொல்ல முடியாததாகவே ஆகிவிட்டது.

அடுத்த சித்திரைக்குப் பட்டியல் எடுக்க உட்கார்ந்தபோது புனிதனின் திரை வந்தது. கட்டத்தில் ‘உளர்’ என்று இருந்தது. அதை அழித்தான். மற்ற வார்த்தையைத் தொடப் போன விரல் போகவில்லை. அப்படியே வெறுமையாக விட்டு மூடினான்.

அந்தத் திருவிழாவில் மயிலம்மாள் அவனைத் தேடி வந்தாள். “ஏமு, போன வருசம்வரைக்கும் எம்மவன் பேரக் கூப்பிட்டாங்களேய்யா. இந்த வருசம் ஏன் வரல?”

“ஊர்ல இல்லாத ஆளு பேர வாசிக்க வேணாம்னுட்டாங்க அத்த.” வாயில் வந்ததைச் சொன்னான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து இன்னொன்றையும் சேர்த்தான். “அவன் வரட்டும். வந்த வருசமே ஐயர் வாயால கூப்பிட வைக்கிறேன்.”

அவள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றும்.

கணினி மட்டும் விடவில்லை. நிலை வாரியாக வரிசைப்படுத்தினால், கட்டம் வெறுமையாக இருக்கிறவன்தான் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பான். அது அந்த இயந்திரத்தின் முறை. ஒவ்வொரு சித்திரையிலும், ஒவ்வொரு ஆடியிலும், கோப்பைத் திறந்ததும் முதல் திரையில் புனிதன், பூச நட்சத்திரம், கடக ராசி. ஹேமநாதன் தன்னை அறியாமல் “இருடா” என்பான். அடுப்படியிலிருந்து அவன் மனைவி நீலாவதி, “யாருகிட்ட பேசுறீங்க?” என்று கேட்பாள். “கம்ப்யூட்டர் கிட்ட.” ஒரு முறை அந்தப் பதிவையே அழிக்கப் பார்த்தான். ‘நிச்சயமாகவா?’ என்று இயந்திரம் கேட்டது. ‘இல்லை’ என்று அழுத்திவிட்டு எழுந்து போனான். தொழிற்சாலையில் வருகைப் பதிவுக்குக் கட்டைவிரல் வைக்கும் கருவி வந்தது. வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவன் கையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகினான்.

இப்படியே பதினைந்து வருஷம் ஓடிற்று.

போன வருஷம் கோயிலின் பழைய கணினி செத்தது. தலைவர் அர்ச்சுனன் வீட்டில் உபரியாகக் கிடந்த மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஹேமநாதன் கோப்பை அதற்கு மாற்றி, அதில் வேலை செய்யாமல்போன அச்சுப் பொத்தானைத் திரையில் புதிதாக எழுதிச் சேர்த்தான். திருவிழாவுக்கு முந்தின நாள், வேலை முடிந்து வந்த அலுப்பில், ‘உளர்’ என்று வடிகட்டினான். திரையில் நானூற்றுப் பன்னிரண்டு நின்றது. அச்சுப் பொத்தானை அழுத்தினான். தாள்கள் விழுந்தன. எண்ணிக்கை திரையில் சரியாக இருக்கும்போது தாளை எதற்குப் பார்ப்பது? கட்டாகக் கட்டி ஐயரிடம் கொடுத்துவிட்டான்.

ஐயர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து மூன்று மாதமே ஆனவர். யார் இருக்கிறார், யார் இல்லை என்று அவருக்கு என்ன தெரியும்? முதல் லயம், முதல் வீட்டிலிருந்து கணீரென்று வாசித்துக்கொண்டு போனார். முதல் வீட்டில் செத்துப்போன பெரியவர் பேர் வந்தபோது, பேரனுக்கு அந்தப் பேரை வைத்திருப்பார்கள் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது மயிலம்மாள் வீடு. “மயிலம்மாள், ரேவதி நட்சத்திரம். ரோகினி, சுவாதி நட்சத்திரம். புனிதன், பூச நட்சத்திரம்...”

தூணருகே நின்ற ஹேமநாதன் திரும்பிக் கூட்டத்தில் மயிலம்மாளைத் தேடினான்.

நாலாவது வீட்டில் சன்னாசி எழுந்து நின்றுவிட்டார். “ஐயரே, நிப்பாட்டுங்க. எம் பொஞ்சாதியப் பொதச்சு இன்னும் மூணு மாசம் ஆவல.”

அர்ச்சுனன் பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார். “என்னலா ஏமநாதன், கல்லறையையே கூப்பிட்டு வந்து வரிசையில நிக்க வச்சிருக்க?”

பிழை என்னவென்று ஹேமநாதனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. திரையில் போட்ட வடிகட்டி தானாகத் தாளுக்குப் போகாது. அதைக் கையோடு அனுப்பி வைக்கிற ஒரு வரியைப் பழைய பொத்தானில் எழுதியிருந்தான், புதியதில் மறந்துவிட்டான். வாசலைச் சாத்திவிட்டுப் பின்வாசலைத் திறந்துபோட்ட கதை. அறுநூற்று ஒருவரும் தாளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அபசகுனத்துக்குப் பரிகாரம் என்று மறுநாள் காலையில் பாலாபிஷேகம். தவறாக வாசிக்கப்பட்ட பேர்கள் எவை என்று ஐயர் கேட்டார். ஹேமநாதன் பொத்தானைச் சரிசெய்து, முதல் நாலு வீடு, ‘மறைந்தார்’ என்று வடிகட்டி அச்சடித்தான். இந்த முறை தாளை மூன்று தடவை பார்த்தான். ஏழு பேர். அர்ச்சுனன் ஒலிபெருக்கியில் அந்த ஏழு பேரையும் சொல்லி, குடும்பத்தார் மனம் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சன்னாசிகூடச் சமாதானமாகிவிட்டார்.

பால் பிரசாதம் வாங்கிக்கொண்டு மயிலம்மாள் நேரே ஹேமநாதனிடம் வந்தாள். அவன் கையை இழுத்து, வாழையிலைத் துண்டில் கேசரியை வைத்தாள்.

“சொன்ன சொல்லக் காப்பாத்திட்டய்யா. எங்க இருக்கான்னுகூட கேக்க மாட்டேன். வரேன்னு சொல்லியிருக்கான்ல, அது போதும்.”

“அத்த, நேத்து தப்பா அச்சாயிருச்சு...”

“தப்பா கூப்பிட்டது ஏழு பேரு. தலைவர் மைக்குல சொன்னாரு, நான் வெரல விட்டு எண்ணுனேன். எம்மவன் அதுல இல்ல.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பதினைந்து வருஷமாக யாரும் பார்த்ததில்லை. கேசரி அவன் கையில் ஆறிக் கல்லானது.

இரண்டு வாரம் கழித்து ரோகினி போன் செய்தாள். புனிதனின் தங்கை, சிரம்பானில், தெமியாங்கில் வீடு.

“அண்ணே, லயத்த இடிக்கப் போறாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். அம்மா எங்க வீட்டுக்கு வர ஒத்துக்கிட்டுச் சாமானெல்லாம் கட்டி வச்சிருச்சு. இப்ப எல்லாத்தையும் அவுத்துப்போட்டு உக்காந்திருக்கு. கரண்ட்டு வெட்டியாச்சு, அக்கம்பக்கம் ஒரு ஜீவன் இல்ல. கேட்டா, ‘அவன் வந்து தேடுவான், இங்க நான் இல்லாட்டி எங்கன்னு போவான்’னு சொல்லுது. கம்ப்யூட்டர் தப்புன்னு நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்கண்ணே. உங்க பேச்சத்தான் நம்பும்.”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஹேமநாதன் போனான். கையில் மூன்று தாள்கள்: வாசித்த நாலு வீட்டுப் பட்டியல், உளர் பட்டியல், மறைந்தார் பட்டியல். லயத்து வீடுகளின் பலகைகளைப் பாதி பிடுங்கியிருந்தார்கள். மூன்றாம் வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்து, ஒரு செங்கல்லை வைத்து முட்டுக் கொடுத்திருந்தது. ராத்திரியிலும் அது மூடுவதில்லை என்று ரோகினி சொல்லியிருந்தாள்.

அவன் தரையில் உட்கார்ந்து, தாள்களைப் பரப்பி, வடிகட்டுவது என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கினான். மயிலம்மாள் இரண்டு வாக்கியம் கேட்டாள்.

“காலங்காத்தால கிராணி பேர் கூப்பிடுற பெரட்டு மாதிரிதான? வந்தவனுக்குக் கோடு, வராதவனுக்கு வட்டம். கோட்டு ஆளு ஒரு பக்கம், வட்டத்து ஆளு ஒரு பக்கம்.”

“ஆமா அத்த. அன்னைக்கு ரெண்டும் கலந்து வந்துருச்சு.”

“வாசிச்சது எத்தன பேரு?”

“முப்பத்தொன்னு.”

“உசுரோட உள்ளவங்க?”

“இருபத்து மூணு.”

“செத்தவங்க ஏழு. முப்பதாச்சு.” அவள் விரலை மடக்கி, ஒரு விரலை மட்டும் நிமிர்த்தி வைத்திருந்தாள். “எம்மவனுக்கு என்ன போட்டிருக்க?”

“ஒன்னும் போடல.”

“ஏன்?”

“எங்க இருக்கான்னு தெரியாததால...”

“சன்னாசி மவன் ரவிச்சந்திரன் கப்பல்ல போயி பத்து வருசமாச்சு. ஒரு கடுதாசி இல்ல. அவன் பேரு வருசா வருசம் வாசிக்கிறாங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், உன்னயச் சங்கடப்படுத்த வேணாம்னு வாயத் திறக்கல. அவனுக்கு உண்டுன்னு போட்ட கை எம்மவனுக்கு ஏன் போடல?”

ஹேமநாதன் தாள்களை அடுக்கினான். அடுக்கியதை மறுபடி அடுக்கினான்.

“முப்பத்தி நாலு வருசம் பெரட்டுல நின்னவ நான்” என்றாள் மயிலம்மாள். குரல் உயரவில்லை. “ஒருத்தன் பேருக்கு நேரா கிராணி கோடும் போடாம வட்டமும் போடாம விட்டான்னா, அந்த ஆளப் பத்தி கிராணிக்கு என்னமோ தெரியும்னு அர்த்தம். சொல்லு.”

சொன்னான். பெடாஸில் விட்டது, சீட்டில் எண் எழுதியது, போலீஸ் கூப்பிட்டது, துணி விலக்கியது. சொல்லும்போது திறந்திருந்த கதவுப் பக்கம் அவனால் பார்க்க முடியவில்லை. யாரோ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது போல் முதுகு கூசியது.

“நகத்தப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“ரெண்டா இருந்துச்சா?”

“இருந்துச்சு அத்த.”

“பாத்துட்டு, இல்லன்னு சொல்லிட்டு வந்த.”

“பந்தக்கால் நட்டாச்சு. ஒன்பது நாள்ல கல்யாணம்...”

“உங்கல்யாணத்துக்கு நான் வந்தேன்” என்றாள் அவள். “எம்புள்ளைக்குச் செய்யிற மாதிரி நெனச்சு அட்சத போட்டேன்.”

கூரைத் தகரம் வெயிலில் விரிந்து சடசடவென்று சத்தம் போட்டது. பிறகு மயிலம்மாள் எழுந்தாள். வாசலுக்குப் போய், செங்கல்லைக் காலால் தள்ளி, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வீடு இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து சொன்னாள்:

“ரோகினிய லாரி கொண்டாரச் சொல்லு. எங்க பொதச்சாங்கன்னு நீ போயித் தெரிஞ்சுக்கிட்டு வா.”

அன்று மாலையே ஹேமநாதன் நீலாவதியிடமும் சொன்னான். அவள் கேட்டு முடித்துவிட்டு, “நம்ம கல்யாண நாள இனிமே எனக்கு ஞாபகப்படுத்தாதீங்க” என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை, போலீஸ் நிலையத்துக்கு இரண்டு முறை லீவு போட்டு அலைந்தான். அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கடைசியில் ஒரு பழைய பதிவேட்டில் அந்தத் தேதி கிடைத்தது. ஆண், இந்தியர், அடக்கம் செய்த இடத்தின் எண். பேர் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை. அவன் விட்டு வைத்தது போலவே அங்கேயும் வெறுமை. எலும்பைச் சோதித்து உறுதி செய்யும் வேலை இன்னும் முடியவில்லை. மயிலம்மாள் அதற்காகக் காத்திருக்கவில்லை. “ஆடி அமாவாசைப் பட்டியல்ல அவன் பேரச் சேரு” என்று ரோகினி மூலம் சொல்லி அனுப்பினாள்.

கோப்பைத் திறந்தான். முதல் திரையில் புனிதன் நின்றான். கட்டத்தைத் தொட்டான்; இரண்டு வார்த்தைகள் இறங்கின; இரண்டாவதைத் தொட்டான். மறுபடி வரிசைப்படுத்தியபோது புனிதன் முன்னாலிருந்து நகர்ந்து, எங்கோ தன் வரிசைக்குள் போய் மறைந்துவிட்டான். வடிகட்டி அச்சடித்தான். தாளை எண்ணினான். நூற்று எண்பத்தொன்பது. நானூற்றுப் பன்னிரண்டோடு கூட்டினால் அறுநூற்று ஒன்று. பதினைந்து வருஷத்தில் முதல் முறையாகக் கணக்கு நேராக வந்தது. அவனுக்கு நிம்மதி வரவில்லை.

அமாவாசையன்று மோட்ச விளக்குகளுக்கு முன்னால் ஐயர் வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் அந்த வீட்டார் ஒரு விளக்கை ஏற்றி வைத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். “புனிதன், பூச நட்சத்திரம்.” மயிலம்மாள் விளக்கை ஏற்றினாள். கும்பிடவில்லை. ஐயர் அடுத்த பேருக்குப் போவதற்குள், காட்டுக்குப் போகுமுன் பெரட்டில், வராதவர்களுக்காகக் கிராணிக்குப் பதில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“ஆளு இல்ல, ஐயா.”

ஐயருக்கு விளங்கவில்லை. ஒரு நொடி நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்.

திரும்பி வரும் வழியில் அவள் ஹேமநாதனுக்கு முன்னால் நின்றாள். அவன் குனிந்திருந்தான்.

“வருசா வருசம் இத நீதான் அச்சடிக்கணும். வேற யாருகிட்டயும் குடுக்காத.”

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகப் பேசியது. இப்போது தெமியாங்கில் மகள் வீட்டில் இருக்கிறாள். ராத்திரி வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று அவளே இரண்டு முறை எழுந்து பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள் என்று ரோகினி சொன்னாள்.

இந்தச் சித்திரைக்கும் ஹேமநாதன்தான் பட்டியல் எடுத்தான். கோப்பைத் திறந்து வரிசைப்படுத்தினான். முதல் திரையில் முதல் வீட்டுக்காரர் யாரோ வந்து நின்றார், நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர். அவரைப் பார்த்தும் அவன் வாய் “இருடா” என்றது. அடுப்படியிலிருந்து நீலாவதி இந்தத் தடவை யாரிடம் என்று கேட்கவில்லை.